சுமதியின் இடது கால்

மகப்பேறு மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஊசி மருந்தின் அளவும் கத்தி பிடிக்கிற விதமும் இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே செல்போனைக் கையில் எடுத்துவிடுவீர்கள். அதனால் கால்களைப் பற்றி எழுதுகிறேன். வயிற்றைப் பார்க்கிறவளுக்குக் காலில் என்ன வேலை என்று கேட்கலாம். மேற்குத் தாம்பரத்தில் என் சின்ன நர்சிங் ஹோமை நடத்திய காலம் முழுக்க என்னை அதிகம் யோசிக்கவைத்தவை கர்ப்பிணிகளின் கால்கள்தான்.

எண்பதுகளில் என்னிடம் வந்த பெண்கள் மின்சார ரயிலிலும் நெரிசலான பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவார்கள். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, கதவுவரை போனவர்கள் திரும்பி நின்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு உயிர் போகிறது என்பார்கள். ஃபேன் காற்றுதான் காரணம் என்பாள் ஒருத்தி. ரயில்வே கேட்டில் காத்து நிற்பதால் என்பாள் இன்னொருத்தி. குழந்தை உள்ளேயிருந்து நரம்பை மிதிக்கிறது என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்கிற வியாதி. எந்தக் கால், எத்தனை மணிக்கு, எப்படி விட்டது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். வெளியே காத்திருக்கும் கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்.

முழங்காலை நீட்டிப் பாதத்தை உங்கள் பக்கமாக இழுங்கள், முடிந்தால் எழுந்து குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். பெரும்பாலும் விட்டுவிடும். கால்சியம் கொடுத்துப் பார்த்தேன். சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. கர்ப்பத்தில் ஏன் இப்படிக் கால் இழுக்கிறது என்பதற்கு முழுசான பதில் ஒன்றை நான் ஓய்வு பெறும்வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரியாது என்று நோயாளியிடம் சொல்வதற்கு நீங்களும் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் அத்தனை பேரிடம் கேட்டதில் அந்த வலியின் குணம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. திடீரென்று வரும். சதை கல்லாகும். சில நிமிடங்களில் போய்விடும். மறுநாள் கொஞ்சம் நோவு மிச்சமிருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு இந்தக் கால் என்றால் நாளைக்கு அந்தக் கால். வீக்கம் இருக்காது, சூடு இருக்காது. இந்தப் பாடத்துக்கு மார்க் போட யாரும் இல்லை என்றாலும், தொண்ணூறுகளின் பின்பகுதியில் ஒரு நாள் அதுதான் எனக்குத் துணைக்கு வந்தது.

மல்லிகாவும் சுமதியும் அக்கா தங்கை. கோவிலம்பாக்கம் பக்கத்து ஊர்க் குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர்கள். அக்காவைப் பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருக்குக் கொடுத்திருந்தார்கள். தங்கையின் கணவர் டெம்போ ஓட்டினார். மல்லிகாவுக்கு முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் நடந்தது. குழந்தையும் தங்கவில்லை. அவளைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் மட்டும் அப்படியே இருந்தன. சுமதிக்கோ இரண்டு பையன்கள், இரண்டும் சுகப்பிரசவம்.

நகரத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் மல்லிகாவின் சினைமுட்டையை எடுத்து, அவள் கணவரின் உயிரணுவோடு வெளியே சேர்த்து, அந்தக் கருவைச் சுமதியின் கர்ப்பப்பையில் வைத்திருந்தார்கள். மாதாமாதம் அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால் செக்கப்புக்கு என்னிடம் வந்தார்கள். வாடகைத்தாய் என்ற சொல்லே அப்போது எங்கள் பக்கம் புதிது. ஒருமுறை நான் வாய்தவறி அதைச் சொன்னதும் சுமதிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எங்கக்காவாண்ட நான் இன்னா வாடகையா வாங்குறேன் டாக்டரம்மா? எடம் குட்த்துக்கீறேன், அவ்ளோதான்."

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லை அவர்களிடம் பயன்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் வரும் நாளுக்காக ஆசையோடு காத்திருப்பேன் என்பதை ஒளிக்க மாட்டேன். அத்தனை பிரசவம் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சுமதிக்கு என்னைவிட அதிகக் கேள்விகள் இருந்தன. தன் ரத்தத்தில்தானே வளர்கிறது, தன் ஜாடை வந்துவிடாதா என்று ஒரு நாள் கேட்டாள். உன் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதே இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் அறை ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையைக் காட்டினேன். நஞ்சுக்கொடி அந்த மாதிரி. இந்தப் பக்கம் உன் ரத்தம் ஓடுகிறது, அந்தப் பக்கம் குழந்தையின் ரத்தம். காற்று போகும், சாப்பாட்டின் சத்து போகும், ரத்தம் தாண்டாது. குழந்தையின் உருவத்துக்கான சரக்கெல்லாம் முட்டையிலும் உயிரணுவிலும் முன்பே வந்துவிட்டது, நீ வளர இடமும் சாப்பாடும் தருகிறாய் என்று சொன்னேன். அதுவும் போதாதென்றால், நீயும் உன் அக்காவும் ஒரே அச்சு, உன் ஜாடை வந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் எரிச்சலாக இருந்தது. சுமதியிடம் நான் எதைக் கேட்டாலும் மல்லிகா பதில் சொல்வாள். பசிக்கிறதா என்றால், நேற்று இரண்டு இட்லிதான் சாப்பிட்டாள் டாக்டர் என்பாள். தூக்கம் எப்படி என்றால், நன்றாகத் தூங்குகிறாள் என்பாள். மூச்சு வாங்குவதைக்கூட அக்காதான் வந்து சொன்னாள். தன் பிள்ளை இன்னொரு வயிற்றில் இருக்கும்போது அந்த வயிற்றைப் பற்றிய எல்லாச் சேதியும் தனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். புரிந்துகொள்ள முடிந்தது, ஆனால் வைத்தியத்துக்கு உதவாது. நோயாளி சொல்ல வேண்டியதை அவள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில் சுமதிக்கும் கால் இழுக்க ஆரம்பித்தது. வழக்கமான குரக்குவலிதான், இரண்டு காலிலும் மாறி மாறி. பாதத்தை இழுக்கச் சொல்லிக் கொடுத்து, கால்சியம் மாத்திரையும் கொடுத்தேன், குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த தடவை மல்லிகா தனக்கும் ராத்திரியில் கால் இழுக்கிறது என்றாள். கூடப்பிறந்தவளின் வலி ஒட்டிக்கொள்ளுமா என்று அவளுக்கு ஆச்சரியம். எனக்கும்தான். விசாரித்துப் பார்த்தால், தினமும் சாயங்காலம் குந்தி உட்கார்ந்து தங்கையின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து வெகுநேரம் அமுக்கிவிடுகிறாளாம். குந்தி உட்கார்ந்தால் யாருக்குத்தான் கால் இழுக்காது?

அடுத்தது வளைகாப்பு. இது அக்கா தங்கைகள், அவர்களுடைய அம்மா, இரண்டு கணவன்மார் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் என்பதை உங்களுக்கு இன்னும் நான் சொல்லவில்லை. கர்ப்பப்பை எடுத்ததே ஊருக்குத் தெரியாது. அவர்களுக்கு மல்லிகாதான் கர்ப்பிணி. வயிற்றில் துணி மடித்துக் கட்டிக்கொண்டு அதிகம் வெளியே வராமல் இருந்தாள். சுமதி புருஷனோடு பெங்களூரில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்து, பையன்களை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தார்கள். ஏழாம் மாதம் வளையல் போடாவிட்டால் சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். ஆகவே மல்லிகாவுக்கு வளைகாப்பு தடபுடலாக நடந்தது. சுமதி அதே வீட்டின் மாடி அறையில் இருந்தாள்.

விசேஷம் முடிந்த பிறகு மல்லிகா தனியாக என்னிடம் வந்தாள், செக்கப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு. முழங்கைவரை கண்ணாடி வளையல். என் அறைக்குள் வந்ததும் துணிக்கட்டைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். சுமதிக்குப் பழையபடி கால் இழுக்கிறது, அன்றைக்குக் கொடுத்த மாத்திரையையே கொடுங்கள் போதும் என்றாள்.

ஒரு காலா, இரண்டு காலா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். பாதத்தை இழுத்தால் விடுகிறதா? அதுவும் தெரியவில்லை. வந்து எத்தனை நாளாகிறது? இரண்டு மூன்று நாளாக விடாமல் இருக்கிறது, ஆனால் தான் தினமும் அமுக்கிவிடுவதாகச் சொன்னாள். விடாமல் இருக்கிறது என்ற சொல்தான் என்னை நிமிரவைத்தது. குரக்குவலி விடாமல் இருக்காது.

"நடக்கிறாளா?" என்றேன்.

"எப்படி டாக்டர் நடப்பா? வீடு முழுக்க ஆளுங்க. வாரத்துக்கு மேல ஆச்சு, கிளம்பவே மாட்றாங்க. மாடி ரூம்ல கடை சரக்கு வச்சிருக்குதுன்னு சொல்லி வெளியே பூட்டு போட்டிருக்கோம். அவ நடந்தா கீழ சத்தம் கேக்கும். பாத்ரூமுக்கு மட்டும் மெதுவா போவா. மத்தபடி படுத்துக்கினே இருக்கா. குழந்தைக்கும் நல்லதுதானே?"

நான் மாத்திரை எழுதவில்லை. பையை எடுத்துக்கொண்டு அவளோடு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வேண்டாம் டாக்டர், சந்தேகப்படுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெருங்களத்தூர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். மல்லிகாவுக்கு பிரஷர் கொஞ்சம் அதிகம், மாடியில் அமைதியாகப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். இந்தத் தொழிலில் கொஞ்சம் தேவைப்படுகிறது.

மல்லிகா மட்டும் என்னோடு மேலே வந்து பூட்டைத் திறந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுமதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு காலிலும் வெள்ளிக் கொலுசு. வலது கால் கொலுசு கணுக்காலில் தளரக் கிடந்தது. இடது கால் கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. போர்வையை மேலே தள்ளினேன். இடது கால் தொடைவரை பருத்து, தோல் இறுகி மினுங்கியது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். அந்தக் கால் மட்டும் சுட்டது.

வலி விடுகிறதா என்று அவளிடம் கேட்டேன். மல்லிகா வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வுடவே மாட்டேங்குது டாக்டரம்மா," என்றாள் சுமதி. "அக்கா அமுக்குறப்போ ரொம்ப ஜாஸ்தியாவுது. ஆசையா அமுக்குதேன்னு ஒண்ணும் சொல்லல."

மல்லிகா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். மூச்சு எப்படி இருக்கிறது, நெஞ்சில் வலி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள் சுமதி. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

கர்ப்பத்தில் ரத்தம் சுலபமாக உறையும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதோடு நாள்கணக்கில் அசையாமல் படுத்தால் காலின் ஆழத்தில் இருக்கிற ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாகிவிடலாம், அதிலும் இடது காலில் அதிகம். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அமுக்குவது அதைக் கழற்றிவிடக் கூடியது. இந்தப் பெண்ணுக்கு அன்பாகச் செய்த ஒவ்வொன்றும், படுக்கவைத்தது, அமுக்கிவிட்டது எல்லாமே, அவளுக்கு எதிராகத் திரும்பியிருந்தது.

இதை இரண்டு பேருக்கும் சுருக்கமாகச் சொன்னேன். உறுதியாகத் தெரிய ஸ்கேன் வேண்டும், மருந்து வேண்டும். இரண்டும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் அன்றைக்கு இருந்தன. உடனே கிளம்ப வேண்டும், நடக்க விடக் கூடாது, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும் என்றேன். மாடிப்படி கூடத்தில் போய்த்தான் இறங்கும். மல்லிகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு ராத்திரி பொறுத்துக்கலாமா டாக்டர்? எல்லாரும் படுத்ததும் நைசா அழைச்சிட்டுப் போயிடறோம். இப்ப போனா எல்லாம் வெளிய வந்துடும். நாளைக்கு அந்தப் புள்ளைய என்னான்னு பேசுவாங்க?"

அவள் கேட்டது அநியாயமான கேள்வி இல்லை. என் கையில் ஸ்கேன் இல்லை, ஒரு கொலுசுதான் இருந்தது. என் கணிப்பு தப்பாக இருந்தால் இத்தனை மாதம் காத்த ரகசியம் சும்மா போய்விடும். சரியாக இருந்து நான் காத்திருந்தால் சுமதி போய்விடுவாள், அவளோடு குழந்தையும். இந்த மாதிரி நேரத்தில் எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தப்பை நாளைக்குத் திருத்த முடியும் என்று மட்டும் பாருங்கள். அவமானத்தைத் திருத்தலாம். அதைத்தான் மல்லிகாவிடம் சொன்னேன். பிறகு சுமதியிடம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். "அக்கா இன்னா சொல்லுதோ அதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் உன்னுது. உயிரும் உன்னுது. உங்க அக்காவை நான் கேட்கலை."

கீழே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சுமதி, அங்கே கொடுக்கிற மருந்து குழந்தைக்குப் போகாதா என்று கேட்டாள். அந்த நிலையிலும் கேள்வி கேட்கிறாளே என்று எனக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. கொசுவலையை நினைத்துப் பார் என்றேன். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு வகை மருந்து உண்டு. மாத்திரை அந்த வலையைத் தாண்டிப் போய்க் குழந்தையைக் கெடுக்கலாம், அதைக் கொடுக்க மாட்டார்கள். ஹெப்பாரின் என்கிற ஊசி மருந்துக்கு உருவம் பெரியது, வலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். உனக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

"அப்ப போலாம் டாக்டரம்மா," என்றாள். "என் பசங்களுக்கு நான் வோணும்."

இத்தனை மாதத்தில் அவள் தன் பையன்களைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மல்லிகாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை விலக்கி, இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள். அப்படியே அறையை விட்டு வெளியே போய்ப் படியின் தலைப்பிலிருந்து கணவரைக் கூப்பிட்டாள்.

கணவரும் இன்னொரு உறவினரும் நாற்காலியைத் தூக்கினார்கள். மல்லிகா ஒட்டிய வயிற்றோடு, கை நிறைய வளையல் குலுங்க, முன்னால் இறங்கினாள். பின்னால் ஏழு மாத வயிற்றோடு பெங்களூரில் இருக்க வேண்டிய சுமதி. கூடத்தில் இருந்தவர்கள் இரண்டு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மல்லிகாவின் பெரியம்மா ஒருவர் படிக்கட்டின் கீழே வழியை மறித்து நின்றார்.

"இன்னாடி இது? யாரு புள்ள?"

"என் புள்ள. அவ சொமக்கறா. வழி வுடு பெரிம்மா," என்றாள் மல்லிகா.

பெரியம்மா நகர்ந்தார். மல்லிகாவின் கணவருடைய காரின் பின்சீட்டில் சுமதியைப் படுக்கவைத்தோம். நான் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். நகரத்துக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டின் ஒவ்வொரு சிக்னலையும் அன்றைக்கு நான் வாய்விட்டுத் திட்டினேன்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது, தொடைவரை. அன்று மாலையே ஹெப்பாரின் ஏற ஆரம்பித்தது. இன்னொரு ராத்திரி தாங்கியிருக்குமா என்று மல்லிகா அங்கிருந்த டாக்டரிடம் கேட்டாள். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, இந்தக் கையாலதானே டாக்டர் அமுக்கினேன் என்று என்னிடம் அழுதாள். அமுக்கக் கூடாத கால் என்று உனக்கு யார் சொல்லியிருந்தார்கள், அழாதே என்றேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியம்மா கேழ்வரகுக் கஞ்சியோடு வந்து சேர்ந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவள் முட்டை அவள் வயிற்றுக்கு எப்படிப் போனது, பால் யாருக்குச் சுரக்கும், குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடும் என்று வரிசையாகக் கேட்டார். உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பெடுத்தபோதுகூட அத்தனை நல்ல கேள்விகள் எனக்குக் கிடைத்ததில்லை.

பிரசவம்வரை ஊசி தொடர்ந்தது. பெண் குழந்தை, நல்ல எடை. அச்சு அசல் சுமதி மாதிரியே இருந்தது, அதாவது மல்லிகா மாதிரி. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் ஊசி போட்டு, எல்லாம் நிறுத்திய பிறகு கடைசித் தடவையாக அக்காவும் தங்கையும் என் அறைக்கு வந்தார்கள். குழந்தை மல்லிகாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சுமதியின் கால் வற்றி, இரண்டு காலும் ஒன்றுபோல இருந்தன.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பழக்கத்தில் மல்லிகா வாயைத் திறந்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

"கால் நல்லா கீது டாக்டரம்மா," என்றாள் சுமதி. கொஞ்சம் தயங்கினாள். "ராத்திரியில தூக்கந்தான் வரல. கை சும்மா கீதா, இன்னா பண்றதுன்னு தெரியல."

கேட்டால் இப்படித்தான், நமக்கு மருந்து தெரியாத பதிலும் வரும். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். எழுத எடுத்த பேனாவை நான் கீழே வைத்துவிட்டேன். மல்லிகா எழுந்து குழந்தையைத் தோளிலிருந்து எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"இத்தினி நாளா ஏண்டி என்னாண்ட சொல்லல?" என்றாள்.

சுமதி குழந்தையின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்துச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேக்கலியேக்கா."